உணர்வில்லாத இடத்தில் உப்பு ஒத்தடம்

என் மார்பை நானே சுட்டுக்கொண்டேன். தோசைக்கல்லில் வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து, பட்டப்பகலில், முழு நினைவோடு, இரண்டு தடவை. சுட்டது எனக்கு மூன்று மணி நேரம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததோடு நின்றிருந்தால்கூட மன்னித்துவிடலாம். கண்ணாடியில் பார்த்து, அடடா, என்ன நிறம் என்று மகிழ்ந்தும் போனேன். முப்பது வருடமாக நூலகத்தில் உட்கார்ந்து ஊரிலுள்ள முட்டாள்களை வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் தன்னை எந்த அலமாரியில் வைப்பது என்று அன்று மாலைதான் தெரிந்தது.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. சின்னமனூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை யாரும் புகார் செய்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மதுரையில் அந்த மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். பிறகு மருந்து, கதிர், மொட்டைத்தலை, வாயெல்லாம் புண். அப்போது ஊர் என்னிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டது. நூலகத்தில் குறட்டை விடுகிறவர்கள்கூட எனக்காகக் கொஞ்சம் மெதுவாக விட்டார்கள். சாகப்போகிறவள் என்று நினைத்துவிட்டால் நம் ஆட்கள் கொடுக்கும் மதிப்பே தனி. சாகவில்லை என்று தெரிந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

பிழைத்த பிறகு வந்ததுதான் பஞ்சுப் பிரச்சினை. மார்பு இல்லாத பக்கத்தில் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள நானே ஒரு மெத்தை தைத்தேன். எங்கள் பக்கம் இலவம் பஞ்சுக்குக் குறைவில்லை. இலவம் பஞ்சில் ஒரு சங்கடம், அதற்கு எடையே கிடையாது. காலையில் உரிய இடத்தில் வைத்தால் பதினொரு மணிக்குக் கழுத்தெலும்புக்கு வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தோளில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து செய்தித்தாள் படிக்கும். எடை கூட்ட ஒரு கைப்பிடி கேழ்வரகு போட்டுத் தைத்துப் பார்த்தேன். வெயில் காலம் வந்தது. வியர்வையில் முளைத்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் பிரித்துவிட்டேன்.

கடைசியில் மதுரைக்குப் போய், மார்பை மறுபடி அமைத்துத் தரும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் மகள் வயதிருக்கும். தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் எடுத்து, மேலே வைத்து, அதன் இரத்தக் குழாய்களை மார்பிலுள்ள குழாய்களோடு முடியைவிட மெல்லிய நூலால் தைத்துவிடுவார்களாம். முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தே சேர்த்த தொப்பைக்கு இப்படி ஒரு பதவி உயர்வு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏன் செய்துகொண்டாய் என்று கேட்டால் என்னிடம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரியை ஊரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புற்றுநோய் என்றால் கும்பிடுவார்கள். ஐம்பத்துமூன்று வயதில் புது மார்பு வைத்துக்கொண்டாள் என்றால், யாருக்குக் காட்ட என்று கேட்பார்கள். உண்மையில் ஒருவரும் கேட்கவில்லை. நானே எல்லார் குரலிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து வாழ்கிறவர்களைக் கிண்டலடித்து நாலு கட்டுரையாவது எழுதியிருப்பேன். அந்த நாலு பேருக்கும் பயந்து, எனக்குக் குடலிறக்க ஆப்பரேசன் என்று ஊருக்குச் சொல்லச் சொன்னேன். வயிற்றைக் கிழித்தது உண்மைதானே.

என் கணவர் திராட்சை விவசாயி. பொய் சொல்ல வராது என்பதால் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பழக்கினேன். "குடலெறக்கம். இப்பத் தேவலை." வருகிறவர்களிடமெல்லாம் இதையே, அதே மூச்சில், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

இந்தப் பொய்க்கு உடனே தண்டனை கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இத்தனை குடலிறக்கங்கள் உலவுவது எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொன்றும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என்னைப் பார்க்க வந்தது.

நான் இருந்த நிலையைச் சொல்லவேண்டும். இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தையல். வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் இரண்டு வாரம் நிமிர முடியாது; தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவள் போலத்தான் நடந்தேன். படுத்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. உள்ளே சுரக்கும் நீரை வெளியேற்ற இரண்டு குழாய்கள், அவற்றின் நுனியில் மாதுளங்காய் அளவில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள். நைட்டியின் உள்பக்கம் ஊக்கு போட்டு மாட்டியிருந்தேன். எழுந்து நடந்தால் இரண்டும் தொடையில் இடித்துக்கொண்டு கூடவே வரும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டார். வந்தவர் உட்கார்ந்த மாத்திரத்தில் சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டியவர். ஒரு பெண் முன்னால் சட்டையைத் தூக்குகிறோமே என்ற கூச்சத்தைக் குடலிறக்கச் சகோதரத்துவம் அழித்துவிட்டது போலும்.

"என்னம்மா இது டியூப்பு?"

"தண்ணி வடியறதுக்கு சார்."

"எனக்கு வைக்கலையே!" முகம் கறுத்துவிட்டது. "எனக்கு ரெண்டு பக்கமும் எறக்கம். ஒனக்கு ஒரு பக்கம்தான?"

"ஒரு பக்கம்தான் சார்."

"அதுக்கு ரெண்டு டியூப்பா? நல்லா ஏமாத்தியிருக்காக ஒன்னைய." ஆறுதல் அடைந்து காப்பி குடித்தார்.

தலைவாரக் கை தூக்க முடியாத காரணத்தால் என் கணவரின் தங்கை ஜெயமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஐம்பது வயது. படிப்பு எட்டாவது, அபிப்பிராயம் முதுகலை. காலையும் மாலையும் எனக்குத் தலைவாருவாள். மீதி நேரத்தில் என்னைத் திருத்துவாள். அவளிடமும் குடலிறக்கம் என்றே சொல்லியிருந்தேன். குளிக்கவும் உடை மாற்றவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு நானே பாடுபட்டேன். ஒற்றைக் கையால் முன்பொத்தான் நைட்டி மாட்டுவதற்கு எனக்கு இருபது நிமிடம் ஆகும். அவள் வெளியே நின்று, "மதினி, செத்தே போயிட்டீகளா?" என்று விசாரிப்பாள்.

முதல் வாரத்திலேயே சட்டம் பேசத் தொடங்கிவிட்டாள். "ஆப்பரேசன் பண்ணுன வயித்துல காத்து ஏறியிருக்கும் மதினி. அதான் இந்த வீக்கம். உப்பை வறுத்து ஒரு ஒத்தடம் குடுத்தா வாங்கிரும்."

"காத்து ஏற இது என்ன லாரி ட்யூபா ஆத்தா?"

"எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் வைக்கிறாக."

"ஒங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் வைக்கிறாகங்கிறதுதான் எனக்குப் பயமே."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நரம்பு அறுந்த இடத்தில் சூடு பட்டால் என்ன ஆகும், தோலுக்கு எத்தனை அடுக்கு, வெப்பம் எப்படிப் பரவும் என்று இருபது நிமிடம் பாடம் நடத்தினேன். நானே கேட்டு மயங்கும்படி பேசினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "சரி மதினி. உப்பை இங்கன மாட்டி வைக்கிறேன். வேணும்னா சொல்லுங்க" என்று பழைய வேட்டித் துணியில் கல்லுப்பை முடிந்து சமையலறை ஆணியில் தொங்கவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது என் முகத்துக்கு நேராகத் தொங்கியது.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியல். அதில் ஒரு வரி, புது மார்பில் வெந்நீர்ப் பை, ஒத்தடம் எதுவும் படக்கூடாது, அந்த இடத்தில் உணர்வு இருக்காது என்று சொன்னது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அந்தத் தாளில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, அடுத்த முறை அச்சடிக்கும்போது கவனிக்கவும் என்று செவிலியரிடம் ஒரு படி கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

உணர்வு இல்லை என்பது எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு: தொட்டால் கைக்குத் தெரியும், மார்புக்குத் தெரியாது. வீடு கட்டி வெள்ளையடித்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் யாரும் குடிவரவில்லை. கதவைத் தட்டினால் தட்டுகிறவருக்குத்தான் சத்தம் கேட்கும்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் செவிலியர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து அதை விரலால் அழுத்தி நிறம் பார்ப்பார்கள், புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். "வெதுவெதுப்பா இருக்கு, நல்லா இருக்கு" என்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் மார்பு குளிர்ந்து, நிறம் மாறி, செத்துப்போகும். திரும்ப எடுத்து எறியவேண்டியதுதான். இதைப் பற்றி நான் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். படித்ததில் என் மூளையில் தங்கியது ஒன்றே ஒன்று: சூடாக இருந்தால் உயிர், குளிர்ந்தால் சாவு.

இதற்கு மேல் என் கணவரின் தோட்டக்கலை. ஆடி பிறந்ததும் எங்கள் பக்கம் காற்று மலை இடுக்கில் புகுந்து வந்து வீட்டைத் தூக்கப் பார்க்கும்; கூடவே கேரளத்துச் சாரல். அவர் வீட்டிலுள்ள ஜன்னல்களை எல்லாம் அடைத்தார்.

"ஒட்டுக் கட்டுன கொடியில காத்து படக் கூடாது. ஈரம் வத்திக் காஞ்சிரும். நாங்க தாளைச் சுத்தித்தான் வைப்போம்."

"நான் என்ன திராட்சைக் கொடியா?"

"வேற எடத்துக் குச்சியைக் கொண்டாந்து கட்டுனா அதுக்குப் பேரு ஒட்டுதான. நான் எத்தனை ஆயிரம் கட்டியிருக்கேன்." என்னைவிடத் தன் கொடிகளின் மீது அவருக்கு இருக்கும் அக்கறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இது காதல் வசனம். நான் மூக்கைச் சுளித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினேன். ஆனால் அவர் தோட்டத்துக்குப் போன பிறகு, அவர் அடைக்க மறந்த குளியலறை ஜன்னலை நானே அட்டை வைத்து மூடினேன்.

குழாய்கள் எடுத்தாகிவிட்டது. முதுகும் நிமிர்ந்துவிட்டது. ஐந்தாவது வாரம். ஒரு மத்தியானம் நாத்தனார் பக்கத்துத் தெருவில் வளைகாப்புக்குப் போயிருந்தாள். கணவர் திராட்சைப் பந்தலுக்குப் போயிருந்தார். நான் குளித்துவிட்டு வந்தேன். அட்டையைத் தள்ளிக்கொண்டு காற்று குளியலறைக்குள் வந்திருந்தது. துவட்டும்போது கை புது மார்பில் பட்டது.

குளிர்ந்திருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மாவுப் பாத்திரம் போல. மற்ற மார்பைத் தொட்டேன், வெதுவெதுப்பு. மறுபடி இதைத் தொட்டேன். குளிர்.

டாக்டரம்மாவின் எண் ஃபோனில் இருந்தது. கூப்பிடவில்லை. போன தடவை பார்க்கப் போனபோது, அச்செடுத்த தாள்களை வைத்துக்கொண்டு அவரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டேன். "எல்லாம் நீங்களே படிச்சிருக்கீங்களே மேடம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வந்தவள், இப்போது ஃபோனில் அழுவதா? இது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. செத்துப்போய்விட்டது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அது செத்துப்போனதாகிவிடும். சொல்லாத வரை ஏதாவது செய்யலாம். ஒரு தடவை இழந்ததையே இன்னொரு தடவை இழக்க எனக்கு மனம் இல்லை. ஈரத் துண்டோடு சமையலறைக்குப் போனேன். ஆணியில் உப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடப் பாடத்தில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. தோசைக்கல்லை வைத்தேன். உப்பைக் கொட்டி வறுத்தேன். துணியில் முடிந்து, சட்டி பிடிக்கும் தடித்த துணியால் அதைப் பிடித்து, மார்பில் வைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

இங்கேதான் என் படிப்பு முழுவதும் ஒன்றுசேர்ந்து வேலை செய்தது. தெரியவில்லை என்றால் சூடு போதவில்லை என்று முடிவு செய்தேன். உணர்வில்லாத இடத்தை வைத்தே சூடு பார்த்தவள் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உப்பை மறுபடி கல்லில் கொட்டினேன். படபடவென்று வெடித்துத் தெறிக்கும் வரை வறுத்தேன். மறுபடி முடிந்து, பொறுமையாக, வட்டமாக, பத்து நிமிடம் வைத்து எடுத்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சிவந்திருந்தது. ஆறு மாதக் குழந்தையின் கன்னம் போல அப்படி ஒரு சிவப்பு. புறங்கையை வைத்தேன். நல்ல சூடு. இரத்தம் ஓடுகிறது. பிழைத்துவிட்டது. நானே பிழைக்க வைத்துவிட்டேன். தினமும் குறிப்பெழுதும் நோட்டை எடுத்து, "நிறம்: இளஞ்சிவப்பு. இரத்த ஓட்டம்: திருப்தி" என்று எழுதி, திருப்தியின் கீழே ஒரு கோடும் போட்டேன். பிறகு கல்லைக் கழுவி, உப்பை முடிந்து ஆணியில் மாட்டி, தெறித்த உப்பைப் பெருக்கி, தடயங்களை அழித்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசியான காப்பியை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

சாயங்காலம் நாத்தனார் கை நிறைய வளையலும் டப்பா நிறையப் புளியோதரையுமாக வந்தாள். தலைவார உட்காரவைத்தாள். நாலு தடவை சீப்பு ஓடியது. நின்றுவிட்டது.

"மதினி, நைட்டியில என்ன ஈரம்?"

"காப்பி சிந்துச்சு."

"காப்பி கறுப்பா இருக்கும். இது தண்ணியால்ல இருக்கு." என் முன்னால் வந்து நின்றாள். நான் கையை வைத்து மறைப்பதற்குள் பொத்தானை அவிழ்த்துவிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். என் இளஞ்சிவப்பின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம், பக்கத்தில் இரண்டு சின்னது. பெரியது உடைந்து வழிந்துகொண்டிருந்தது. வலி துளியும் இல்லை.

நாத்தனார் கத்தவில்லை. சமையலறைக்குப் போனாள். ஆணியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இந்த முடிச்சு நான் போட்டது இல்ல" என்றாள்.

"குடலிறக்கம் இல்லை ஆத்தா…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"வந்த அன்னைக்கே. வயித்துல ஆப்பரேசன் பண்ணுனவ எதுக்குக் கையைத் தூக்க மாட்டேங்குறா? தெருவுக்கே தெரியும். ஹெட்மாஸ்டரு ஒருத்தருக்குத்தான் தெரியாது. நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல." என்னைச் சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சொம்பில் தண்ணீர் மோந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். "நான் வயித்துக்குத்தான் சொன்னேன். அதுவும் மொழங்கையில வச்சுப் பாத்துட்டுல்ல வைக்கணும்? பச்சப்புள்ளைக்குப் பாலாடையில பால் குடுக்குறவகூடக் கையில விட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பா."

அடுத்துத் தடவுவதற்குப் பேனா மை, இட்லி மாவு, பற்பசை ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். எதிர்த்து வாதம் செய்ய நாலு வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தேன். அவள் துவைத்த பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்திவிட்டு, "ஒன்னையும் தடவக் கூடாது. எங்க வீட்டுக்காரரு பைக் சைலன்சர்ல காலைச் சுட்டுக்கிட்டப்ப ஆஸ்பத்திரியில சொன்னாக. இப்பவே டாக்டரம்மாவுக்குப் போனைப் போடுங்க" என்றாள். தயார் செய்த நாலு வாக்கியமும் இன்னும் என்னிடம் புதிதாகவே இருக்கின்றன.

டாக்டரம்மா காலையில் முதல் ஆளாக வரச்சொன்னார். காரில் மதுரைக்குப் போனோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது என் கணவர், "ஒட்டுல யாராச்சும் தீயை வைப்பாகளா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, சாலையிடம் கேட்டார்.

டாக்டரம்மா பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க அவர்களுக்குப் படிப்பில் ஒரு தாள் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அதில் அவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கமாட்டார்.

"யார் வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "வீட்டுல பெரியவங்க, சொந்தக்காரங்க யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? நிறையப் பேருக்கு அப்படித்தான் நடக்குது."

நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உப்பு அவளுடையது, ஆணியில் மாட்டியது அவள், படிப்பு எட்டாவது. டாக்டரம்மா அப்படியே நம்பிவிடுவார். நான் படித்தவளாகவே வீடு திரும்பலாம். இரண்டு நொடி யோசித்தேன். சுட்டுக்கொண்டதைவிட அந்த இரண்டு நொடிக்காகத்தான் என்னை நான் அதிகம் வெறுக்கிறேன்.

"இல்லை. நானேதான். அவ வேண்டாம்னு சொல்ல வீட்டுல இல்ல."

நாத்தனார் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அது குளிர்ந்திருந்ததற்குக் காரணத்தையும் டாக்டரம்மா சொன்னார். உள்ளே இருப்பது வயிற்றுக் கொழுப்பு. மேலே காற்று பட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். பல மாதம் அப்படித்தான் இருக்கும். முதல் சில நாட்களுக்குப் பிறகு குளிர்ச்சியை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, நிறத்தைத்தான் பார்க்கவேண்டும். "இதை நீங்க எங்கயும் படிக்கலையா மேடம்?" என்று கேட்டார். இந்தத் தடவை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வழி இல்லை.

"இப்ப என்ன ஆகும்?"

"சூடு எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. மேலோட்டமா இருந்தா ஆறிடும். ஆழமா இருந்தா அந்த இடத்தை வெட்டி எடுக்கணும், வடிவம் போயிடும். உள்ள கிருமி போச்சுன்னா முழுசாவே கஷ்டம். பத்து நாள் பார்ப்போம்."

பத்து நாள். மருந்துத் துணியை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்துபோனார். அவர் பிரிக்கும்போது நான் எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். நாத்தனார் குனிந்து உன்னிப்பாகப் பார்ப்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "இருக்கு" என்பாள். புண் ஆற மூன்று வேளையும் முட்டை, மீன், பருப்பு என்று டாக்டரம்மா சொன்னதைச் சட்டமாக்கி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஆப்பரேசன் பண்ணிய உடம்புக்கு மீன் ஆகாது, சீழ் வைக்கும் என்று ஐந்து வாரம் சாதித்தவள் அவள்தான். கட்சி மாறியதைப் பற்றி ஒரு விளக்கமும் தரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் தகுதியை உப்போடு சேர்த்து வறுத்துவிட்டிருந்தேன்.

தலைமையாசிரியர் மறுபடி வந்தார். "மதுரைக்கு அவசரமாப் போனியாமே. திரும்ப எறங்கிருச்சா?"

"ஆமா சார்."

"நான் அன்னைக்கே நெனச்சேன். ரெண்டு டியூப்பு வச்சப்பவே நெனச்சேன்." அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நாத்தனார் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மற்ற நேரங்களில் நான் செய்தது ஒன்றுதான்: அதைத் தொடாமல் இருந்தேன். தொட்டால் குளிர்ந்திருக்குமோ என்று பயம், சூடாக இருந்தால் கிருமியோ என்று பயம். புத்தகங்கள் மேசையில் அடுக்கியபடியே இருந்தன. எதையும் திறக்கவில்லை. படித்துப் பண்ணியது போதும் என்று தோன்றியது.

பத்தாவது நாள் டாக்டரம்மா கடைசிச் சுற்றுத் துணியைப் பிரித்தார். இந்தத் தடவை நானும் குனிந்து பார்த்தேன். ஓரங்களிலிருந்து உள்நோக்கிப் புதுத் தோல் வந்திருந்தது. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லியதாக, பளபளப்பாக. நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் மிச்சம்.

அவர் விரலால் பக்கத்தில் அழுத்தினார், எடுத்தார். வெளுத்த இடம் மெதுவாகச் சிவந்து திரும்பியது. "மேலோட்டம்தான். வெட்ட வேண்டியதில்லை. நல்லா ஆறிக்கிட்டு வருது." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "செத்துப்போன இடமா இருந்தா இப்படிச் சிவந்து, கொப்புளம் போட்டு, ஆறவும் செய்யாது மேடம். உயிரோட இருக்குன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. தயவுசெஞ்சு இன்னொரு தடவை நிரூபிக்காதீங்க."

நான் அழுதேன். நகைச்சுவைக் கட்டுரையில் இதற்கு இடம் இல்லை என்பதால் அதை நீட்டிச் சொல்லப்போவதில்லை. மூக்கைச் சிந்தத் துணி தேடியபோது நாத்தனார் தன் முந்தானையைக் கொடுத்துவிட்டு, "பட்டு, பாத்துச் சிந்துங்க" என்றாள்.

ஆவணி பிறந்தது. காற்று அடங்கியது. என் கணவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். புது மார்பின் மேல் ஒரு தழும்பு மிஞ்சியிருந்தது, மேகமலையின் மேல் ஒற்றை மேகம் நிற்கிற மாதிரி என்று நோட்டில் எழுதி, உடனே அடித்துவிட்டேன். தையல்காரரிடம் புது ரவிக்கை தைத்து வாங்கியிருந்தேன். அதற்குள் பஞ்சு இல்லை, கேழ்வரகு இல்லை. இரண்டு பக்கமும் நான்தான் இருந்தேன்.

நாத்தனார் ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பையைக் கட்டி வைத்துவிட்டு வந்தாள். கதவைத் தாழிட்டேன். இவ்வளவு நாள் புண்ணைப் பார்த்தாளே ஒழிய மார்பைப் பார்த்ததில்லை. ரவிக்கையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் நேராக நிமிர்ந்து நின்றேன். ஊரில் யாருக்குக் காட்ட என்று நானே கேட்டுக்கொண்ட கேள்விக்குக் கடைசியில் கிடைத்த பதில் இவள்தான். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரிசுக்குக் காத்திருப்பவளைப் போல.

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப் போல இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், இரண்டடி பின்னால் போய் மறுபடி பார்த்தாள்.

"புதுசு நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள். "இப்பப் பழசுதான் பாக்கச் சகிக்கல."